காசிம் கிலோமீட்டர்

அன்று பம்பு வீட்டுச் சாலையில் ஐந்து பேர் இருந்தோம். வண்டி மீட்டர் கடை காசிம் பாய். தொழிற்சாலை வேன் ஓட்டிய என் மகள் வசந்தி. அந்த வேனுக்குச் சொந்தக்காரன், என் மூத்த மகன் மனோகரன். கால் ஒடிந்து கட்டுப் போட்டிருந்த லெட்சுமி. அப்புறம் நான், பாக்கியம். வேறு ஈ காக்கை இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். தானும் அங்கே நின்று பார்த்ததாகக் கதை விடுகிறவர்கள் எங்கள் ஊர் அசாம் ஜாவாவில் பத்துப் பேராவது இருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் போய்விட்டார். ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். வாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். பத்தாங் காலியில் இருக்கும் வசந்தி போனில் கூப்பிட்டாள்.

"எம்மா, உக்காந்திருக்கியா, நின்னுகிட்டு இருக்கியா?"

கெட்ட சேதி இருந்தால்தான் அவள் அப்படிக் கேட்பாள். "சொல்லித் தொலைடி" என்றேன்.

"காசிம் பாய் மவுத்தாயிட்டாராம்மா. காலைல தொழுதுட்டு வந்து நாற்காலில உக்காந்தாராம். அப்புறம் எந்திரிக்கவே இல்லயாம்."

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் பயம்தான் வந்தது. காசிம் பாயும் நானும் பேசி மூடி வைத்த விஷயம் ஒன்று இருந்தது. இனி அதைச் சொல்வதா, என்னோடு மண்ணுக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய நான் ஒருத்திதான் மிச்சம்.

மனோகரன்தான் காரில் கூட்டிப் போனான். சாவு வீட்டில் ஆண்கள் வெளியே கூடாரத்தில் இருந்தார்கள். பெண்கள் உள்ளே. காசிம் பாயின் மனைவி நூர்ஜஹான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். காதோடு கேட்டாள்: "அக்கா, நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெசமாவே அவங்க கைல தப்பா?"

வாசற்படியில் மனோகரனுடைய செருப்புத் தெரிந்தது. கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு எனக்காக நின்றான். நான் நூர்ஜஹானின் கையைத் தட்டிக் கொடுத்தேன். "அழாத தாயி" என்றேன். அவள் கேட்டது அழலாமா என்று இல்லையே. எழுபத்து மூன்று வயதில் சாவு வீட்டில் பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் எழுந்து வந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன். காசிம் பாயைத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். முக்கியமாக அவர் கடைப் பக்கம் போவதை நிறுத்தியவர்கள்.

உள்ளதைச் சொன்னால், ஆரம்பத்தில் எனக்குக் காசிமைப் பிடிக்காது. வண்டி என்றாலே எனக்குப் பயம். என் வீட்டுக்காரரைத் தோட்டத்து லோரிதான் கொண்டுபோனது. கவிழ்ந்த லோரிக்கு அடியிலிருந்து அவரை எடுத்தபோது நான் அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் அப்படியே காசிம் கடை வாசலில் போய் இறங்கினேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மனோகரா, அக்காவுக்கு ஒரு மாட்டு வண்டி பாரு. மீட்டர் நான் மாட்டித் தரேன்" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்லுவேன். இரண்டு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அவராக வந்து என் பந்திக்கு முன்னால் நின்று, "அக்கா, மாட்டு வண்டி கெடைக்கல. அதான் மன்னிப்புக் கேக்க நடந்தே வந்தேன்" என்றார். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

மனோகரனுடைய வேன் பழைய வேன். சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய் வரும். வசந்திதான் ஓட்டினாள். ஒருநாள் அதன் மீட்டர் செத்துப்போனது. அந்த மாடலுக்கு மீட்டர் இப்போது வருவதில்லை. வெளியில் தனியாக விற்கும் மீட்டரைக் காசிம் பாய் வாங்கி மாட்டினார். வட்டமாக, வெள்ளை முகத்தில் சிவப்பு முள்ளோடு இருந்தது. அதற்கு அடியில் சின்னப் பெட்டிக்குள் தூரக் கணக்கு ஓடும்.

மாட்டிய அன்று நானும் கடையில் இருந்தேன், அவரோடு பேசாமல். அவர் வசந்தியிடம் விளக்குகிற சாக்கில் எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னார்:

"இந்தப் பெட்டிக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா. வண்டிக்கு அடில சுத்துறத எண்ணும், அவ்வளவுதான். எத்தன சுத்து ஒரு கிலோமீட்டருன்னு நாமதான் ஓட்டிக் காட்டணும். ஆரம்பத்துல பட்டன அமுக்கணும். சரியா ஒரு கிலோமீட்டர் போயி மறுபடி அமுக்கணும். அத அப்படியே மனப்பாடம் பண்ணிக்கும். வேகமும் அதுலேருந்துதான், தூரமும் அதுலேருந்துதான்."

"நாம தப்பாக் காட்டுனா?" என்று வசந்தி கேட்டாள்.

"தப்பையே சத்தியம் பண்ணிச் சொல்லும். முள்ளுக்கு வெக்கம் கிடையாது."

வழக்கமாக அவர் பெரிய சாலையில் கிலோமீட்டர்ப் பலகைக்குப் பலகை ஓட்டிப் பார்ப்பார். அந்தச் சமயம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பலகைகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதனால் அவர் பழைய இடத்துக்குப் போனார். எங்கள் தோட்டத்தில் கால்வாயை ஒட்டி நேராக ஒரு சாலை. பம்பு வீட்டில் தொடங்கிப் பாலம் வரை போகும். பல வருஷத்துக்கு முன்னால் அவரே டேப் பிடித்து அளந்து வைத்தது. பம்பு வீட்டு மூலையில் இருந்து பாலத்தின் முதல் கல் வரை சரியாக ஒரு கிலோமீட்டர். வண்டியை மனோகரன் ஓட்டினான். காசிம் பாய் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். "எல்லாம் முடிஞ்சுச்சு" என்று மனோகரன் சொன்னான். அன்றே இரண்டு மணி ஷிப்டுக்கு வேன் ஓடியது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை ரவாங்கில் சர்க்கரை பார்க்க அந்த வேனில்தான் நான் போனேன். முதல் தடவையே எனக்கு உள்ளங்கை வேர்த்தது. செம்பனை மரங்கள் பழைய மாதிரி போகவில்லை. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போயின. வேன் ஒரு பக்கம் சாயும்போது அடிவயிறு தனியாகக் கழன்று மிதந்தது.

"மெதுவாப் போடி" என்றேன்.

"எம்மா, தொண்ணூறுதான். கண்ணத் தெறந்து முள்ளப் பாரு."

பார்த்தேன். முள் தொண்ணூறில் அமைதியாக நின்றது. பின்னால் இருந்த பெண்கள், "பாட்டிய எறக்கி விட்டா நடந்தே வந்துருவாங்க" என்று சிரித்தார்கள். முள் சொல்கிறது, மகள் சொல்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்புறம் பயப்படுகிறவளிடம்தானே கோளாறு இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வாசலில் இருந்து தொழிற்சாலை வாசல் வரை பழைய மீட்டர் நாற்பத்திரண்டு காட்டும். நான் எத்தனையோ தடவை பார்த்த எண் அது. புது மீட்டர் முப்பத்தைந்து காட்டியது. "ரவாங் நம்ம பக்கத்துல வந்துருச்சும்மா" என்று வசந்தி வேடிக்கையாகச் சொன்னாள். நானும் சிரித்தேன். ஏழு கிலோமீட்டர் எங்கே போயிற்று என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

மூன்றாவது மாதம், மத்தியான மழை. ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ஒரு வளைவில் வேன் வழுக்கிச் சாலையோர அல்லூர்ப் பள்ளத்தில் இறங்கியது. உயிர்ச் சேதம் இல்லை. லெட்சுமிக்கு மட்டும் இரண்டு இருக்கைக்கு நடுவில் மாட்டிக் கால் எலும்பு ஒடிந்தது. போலீஸ் கேட்டபோது வசந்தி, "எழுபதுலதான் வந்தேன், முள்ளப் பாத்தேன்" என்றாள். ரோட்டில் இருந்த டயர்த் தடத்தை அளந்துவிட்டு, எண்பதுக்கு மேல் வந்திருக்கிறாய், பொய் சொல்லாதே என்றார் சார்ஜன். மீட்டர் கெட்டிருக்குமா என்று வேன் சொந்தக்காரனைக் கேட்டார்.

மனோகரன் சொன்னான்: "மீட்டர் புதுசு சார். நல்லாத்தான் இருக்கு. தங்கச்சிதான் கொஞ்சம் வேகம்."

அவன் அதைச் சொன்னபோது நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்தேன். என் மகள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். வழக்குப் போடுவார்கள், லைசென்ஸ் போய்விடும், லெட்சுமி குடும்பம் சும்மா விடாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வசந்திக்குப் புருஷன் இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிறதைத் தவிர வேறு வேலையும் தெரியாது. ஒரு வாரம் அவள் சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. "எம்மா, எழுபதுதாம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள், "எழுபதுதானாம்மா?" என்று என்னையே கேட்டாள். தன் கண்ணையே நம்பாத இடத்துக்குப் பிள்ளை போய்விட்டாள்.

அப்போதுதான் காசிம் பாய் வீட்டுக்கு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, நீங்க என்னோட பேச வேணாம். கேட்டா போதும். மீட்டர மாட்டுனது நான். புள்ள எழுபதுன்னு சத்தியம் பண்ணுது. அப்ப சந்தேகம் என் மேலதான் வரணும். வேன எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எல்லாரும் பாக்க ஓட்டிப் பாப்போம்."

"எதுக்கு பாய், வேணாம் லா" என்றான் மனோகரன். "நீங்க வேல செஞ்சா சுத்தமா இருக்கும்."

"சுத்தமா இருந்தா காட்டிட்டுப் போறேன். அதுல உனக்கு என்ன தம்பி நட்டம்?"

அதன்பின் அவனால் மறுக்க முடியவில்லை. லெட்சுமியும் வருவேன் என்றாள். தன் கால் எதனால் போனது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவளைத் தூக்கி முதல் சீட்டில் கால் நீட்டி வைத்தோம்.

வேன் நசுங்கிய மூக்கோடு பம்பு வீட்டு மூலையில் நின்றது. வசந்தி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். மனோகரன் ஓட்டினான். ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர், மறு பக்கம் புதுசாக நட்ட செம்பனைக் கன்றுகள். வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று காசிம் பாய் சொன்னார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அன்று கண்ணை மூடவில்லை. மூடினால் மகளைத் தனியாக விட்ட மாதிரி இருக்கும் என்று தோன்றியது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முக்கால் வழி தாண்டிவிட்டோம். கரையில் புல்லுக்குள்ளிருந்து மூன்று சிமெண்டுப் படி எட்டிப் பார்த்தது. நான் பதினெட்டு வருஷம் துணி துவைத்த படி. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் பாலத்துக்கு அடியில் இறங்குகிற படி அது. வேன் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஏதோ உறைத்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

பாலம் வந்தது. வேன் நின்றது. காசிம் பாய் சின்னப் பெட்டியைப் பார்த்தார். சரியாக ஒன்று.

மனோகரன் திரும்பி எல்லாரையும் பார்த்துச் சொன்னான்: "பாத்துக்குங்க. நான் அப்பவே சொன்னேன் லா. மீட்டர் கரெக்டு. ஓட்டுனவதான் சரியில்ல."

லெட்சுமி, "விடுங்கண்ணே, போதும்" என்றாள். வசந்தி தலையைக் குனிந்துகொண்டாள். காசிம் பாய் முகத்தில் நிம்மதி இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை எப்படி எழுதுவது? வாய் திறந்தால் மகன். திறக்காவிட்டால் மகள். நான் இருப்பது மகன் வீடு. அவன் போடுகிற சோறு. மூத்தவன் அவன்; கோபம் வந்தால் தட்டு பறக்கும். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"பாலம் இங்க இல்ல."

மனோகரன், "என்னம்மா ஒளர்ற? பாலத்து மேலதான் நிக்கிறோம்" என்றான்.

"இது புதுப் பாலம். பழசு என் துணி தொவைக்கிற படிகிட்ட இருந்துச்சு. பெரிய வெள்ளத்துல இடிஞ்சு போச்சு. இதத் தள்ளிக் கட்டுனாங்க."

முதலில் இறங்கியவர் காசிம் பாய். அவர் வந்த வழியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். படியைக் காட்டினேன். வேனிலிருந்து பாராங் கத்தியை எடுத்து வந்து லாலான் புல்லை வெட்டினார். நாலு வெட்டுக்குள் கத்தி 'ணங்' என்றது. பழைய பாலத்தின் அடிக்கல்லும் துருப்பிடித்த கம்பியும் தெரிந்தன. அவர் டேப்பை எடுத்து அந்தக் கல்லில் இருந்து புதுப் பாலம் வரை அளந்தார். நூறு மீட்டர் டேப். இரண்டு தடவை முழுசாகப் போட வேண்டியிருந்தது.

மறுபடியும் பம்பு வீட்டில் இருந்து ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை அடிக்கல்லுக்கு நேராக நிறுத்தச் சொன்னார். பெட்டியில் ஒன்றுக்குப் பதிலாக முக்கால் சொச்சம் இருந்தது. பூஜ்யம் புள்ளி எட்டு மூன்று.

காசிம் பாய் கீழே இறங்கி அந்த அடிக்கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தி காலடியில் கிடந்தது. வசந்தியைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, ஆயிரத்து எரநூறு மீட்டர இந்த மீட்டருக்கு ஆயிரம்னு சொல்லிக் குடுத்திருக்கேன். நீ முள்ள எழுபதுல வெச்சா வண்டி எண்பத்தி நாலுல ஓடியிருக்கு. நீ பொய் சொல்லல. முள்ளும் பொய் சொல்லல. கைல டேப்ப வெச்சுகிட்டு எறங்கி அளக்காம விட்டவன் நான்."

பிறகு லெட்சுமியிடம் போய், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "உன் கால் என் தப்புதாம்மா. எங்க சொல்லணுமோ அங்க சொல்றேன்" என்றார். லெட்சுமிதான் அழுதாள்.

அன்றே போலீஸ் நிலையத்துக்கு வந்து எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காமல், டேப்பையும் கொண்டுபோய் சார்ஜன் மேசை மேல் வைத்து விளக்கினார். வசந்தி மேல் வழக்கு வரவில்லை. மீட்டரைத் திரும்பச் சரிசெய்தபோது என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, "அக்கா, படி வந்ததும் சொல்லுங்க" என்றார். "வந்துருச்சு" என்று கத்தினேன். அவரோடு நான் திரும்பப் பேசிய முதல் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

இதுவரைக்கும் ஊருக்குத் தெரியும். இனி எழுதப்போவது ஊருக்குத் தெரியாது.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் மனோகரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "முதல்ல மீட்டர் சரி பண்ணப் போனப்ப வண்டிய ஓட்டுனது நீதானே?"

"ஆமா."

"அந்தப் பழைய பாலத்துக்கு அடில மீன் பிடிச்சே வளந்தவன் நீ. அது இடிஞ்சப்ப மண்ணு அள்ளுன லோரில நீயும் போன. பாலம் மாறுனது உனக்குத் தெரியாதா?"

அவன் கை சோற்றில் நின்றது. "தெரியும்மா. பாய் பட்டனப் பாத்துகிட்டு இருந்தாரு. நான்தான், 'பாலம் வந்துருச்சு பாய், அமுக்குங்க'ன்னு சொன்னேன். சொன்ன பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. மறுபடி அளந்து ஓட்டுனா ரெண்டு மணி ஷிப்டு போயிரும். கொஞ்சம் தூரந்தானேன்னு விட்டேன்."

"போலீசுல தங்கச்சி மேல சொன்னியே?"

"மீட்டர் தப்புன்னா வேன் பெர்மிட்டப் புடுங்கிருவாங்கம்மா."

"அன்னைக்குப் பாலத்துல நின்னு, ஓட்டுனவதான் சரியில்லன்னு சொன்னியே. அப்பவும் தெரியும்?"

அவன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

நான் சேலை மாற்றாமல் காசிம் கடைக்கு நடந்தேன். வழி முழுக்க யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். காசிம் பாய் ஆச்சரியப்படவில்லை.

"அந்தக் கல்லு மேல உக்காந்தப்பவே புரிஞ்சுச்சு அக்கா. லயத்துல பொறந்த புள்ளைக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"பட்டன அமுக்குனது என் வெரல். அளக்க வேண்டியது என் வேல. அவன் சொன்னான்னு நான் சொன்னா அது சாக்கு. வசந்தி வெளிய வந்துருச்சு, அது போதும். நீங்களும் வாயத் தெறக்காதீங்க. அந்த வீட்லதான் நீங்க இருக்கணும்."

நான் சரி என்றேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அவர் பெருந்தன்மைக்குள் என் பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டேன். நாலு வருஷம்.

அந்த நாலு வருஷத்தில் ஊர் அவருக்கு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் செய்தீர்கள். டீக்கடையில் யாராவது, பக்கம்தான், நடந்தே போய்விடலாம் என்றால், "காசிம் கிலோமீட்டரா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். மீட்டர் வேலைக்கு வேறு ஊருக்குப் போனீர்கள். அவர் எதிரிலேயே அந்தக் கிண்டலைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். "என் கிலோமீட்டர்ல போனா ஊரு சீக்கிரம் வரும்பா" என்பார். வீட்டில் போய் அவர் சிரித்ததில்லை என்று நூர்ஜஹான் சொன்னாள்.

கிண்டல் செய்தவர்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். உச்சி வெயிலில் அவர் ஒருவராகப் பம்பு வீட்டுச் சாலையில் டேப்பின் ஒரு முனையைக் கல்லால் அழுத்தி வைத்து, மறு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நூறு மீட்டருக்கு ஒரு இரும்புக் குச்சி அடித்தார். பத்துக் குச்சி. முடித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து அளந்தார். அதற்கு மேல் அவர் கடைக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும், எத்தனை அவசரம் என்றாலும், முதலில் டேப்போடு நடந்துவிட்டுத்தான் பட்டனில் கை வைத்தார். "நேத்துதானே பாய் அளந்தீங்க?" என்று ஒருத்தன் சலித்துக்கொண்டான். "நேத்து அளந்தது நேத்து வண்டிக்கு" என்றார்.

நூர்ஜஹான், நீ என் காதில் கேட்டாய். நான் எல்லார் காதிலும் சொல்கிறேன். அளக்காமல் விட்டது அவர் தப்பு. அதை அவரே சொன்னார், வேறு யாருக்கும் அந்த வேலையை வைக்கவில்லை. பாலம் மாறியது தெரிந்தும் சொல்லாதது அவர் தப்பு இல்லை. தெரிந்தே தங்கையைக் காட்டிக் கொடுத்ததும் அவர் தப்பு இல்லை. அதெல்லாம் என் வீட்டில் இருந்து வந்தது. நாலு வருஷம் பேசாமல் இருந்தது என்னிடம் இருந்து வந்தது. உன் புருஷனை ஊர் சிரித்தபோது நான் வாயை மூடி நின்றேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ கொடுக்காவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நானே லேசில் கொடுக்கிறவள் இல்லை.

காசிம் பாயிடம் இருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அவர் அந்த வேனில் இருந்து இறங்கிய விதம். பெட்டி சரியாக ஒன்று என்று காட்டியது. சொந்தக்காரன் சரி என்கிறான். அப்படியே விட்டிருந்தால் அவர் பெயருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஒரு கிழவி பின் சீட்டில் இருந்து ஏதோ சொன்னாள் என்று இறங்கி நடந்து பார்த்தார். என் பேச்சைக் கேட்டு ஒரு ஆண்பிள்ளை வண்டியை விட்டு இறங்கியது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

இதை எழுத ஒன்பது நாள் ஆனது. நேற்று மத்தியானம் நான் குளிக்கப் போயிருந்தபோது மனோகரன் நோட்டைப் பார்த்துவிட்டான். ஈரத் தலையோடு வந்து நின்றேன். அவன் நின்றுகொண்டே கடைசிப் பக்கம் வரை படித்தான். தட்டு பறக்கும் என்று சுவரோரம் ஒதுங்கினேன். பறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலை முழுக்க நரை. அதை நேற்றுத்தான் பார்த்தேன்.

"எல்லாத்தையும் போட்டுக்கம்மா" என்றான். "பேர மட்டும் எடுத்துரு. ஒருத்தன்னு போடு. எனக்கும் இந்த ஊருல வண்டி ஓடணும்."

இந்தத் தாள் அச்சாகி வரும்போது எந்த வீட்டில் இருப்பேன் என்று தெரியவில்லை. வசந்தி வரச் சொல்கிறாள். மூட்டை கட்டியாகிவிட்டது, ஆனால் இரவு தூக்கம் இல்லை. அவன் கேட்டதை யோசித்தும் பார்த்தேன். காசிம் பாய் தன் தப்பைப் பேரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் பெயர் டீக்கடையில் நாலு வருஷம் கிடந்தது. என் பிள்ளையின் பெயருக்கு மட்டும் நான் எப்படி மறைப்புக் கட்டுவது?

பேரை எடுக்கவில்லை. மனோகரன். என் மூத்த மகன். அவனை நான் மன்னிக்க மாட்டேன்.